ஓடுவதற்கும் அனுமதி கேட்கும் நம் பிள்ளைகள்!

கடந்த மாதம் என் மகளின் பாலர் பள்ளியில் விளையாட்டு நாள் நடந்தது. அவளுக்கு வயது ஆறு. அவள் கலந்துகொண்டது முப்பது மீட்டர் ஓட்டம். பிள்ளைகளைக் கோட்டில் வரிசையாக நிறுத்தினார்கள். விசில் ஊதினார்கள். மற்ற பிள்ளைகள் ஓடினார்கள். என் மகள் மட்டும் ஓடவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். "ஓடும்மா, ஓடு!" என்று கத்தினேன். அவள் அங்கிருந்தே கேட்டாள்: "இங்க ஓடலாமாப்பா? யாரும் ஏச மாட்டாங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் என் காதில் ஒலித்தது. ஆறு வயதுப் பிள்ளை ஓடுவதற்கு அனுமதி கேட்கிறது! மீன்குஞ்சு நீந்துவதற்கு அனுமதி கேட்குமா? இந்தப் பிள்ளைக்கு இப்படிக் கேட்கக் கற்றுக் கொடுத்தது யார்?

யோசித்துப் பார்த்தேன். நாம் எல்லாரும் சேர்ந்துதான் கற்றுக் கொடுத்திருக்கிறோம்.

700 சதுர அடிக்குள் ஒரு குழந்தைப் பருவம்

நாங்கள் இருப்பது பி.பி.ஆர். அடுக்குமாடியில், பதினான்காவது மாடி. மூன்று அறை, 700 சதுர அடி, மாத வாடகை 124 வெள்ளி. என் அம்மாவையும் சேர்த்து ஆறு பேர். இப்படி வாழும் குடும்பங்கள் இந்தச் செய்தியைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். அதனால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். நடைபாதையில் ஓடினால் பக்கத்து வீட்டு ஆச்சி ஏசுவார். கீழே இறங்கலாம் என்றால் மின்தூக்கி பாதி நாள் பழுது. இறங்கிப் போனால் எங்கு பார்த்தாலும் காரும் மோட்டாரும். காலியாக இருக்கும் ஒரே சிமெண்டுத் தளத்தில் பெரிய எழுத்தில் பலகை: "டிலாராங் பெர்மாயின் போலா!" பந்து விளையாடத் தடை! விளையாட்டுப் பூங்கா என்ற பெயரில் ஒரு மூலை இருக்கிறது. இரண்டு ஊஞ்சல், ஒன்றில் பலகை இல்லை. சறுக்கு மரம் பிளந்து கிடக்கிறது. புகார் கொடுத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

எல்லாம் சரியாக இருந்தாலும் தாய்மார்கள் பிள்ளையைக் கீழே அனுப்பப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாம் பகுதியில் உள்ள ஒரு பி.பி.ஆர். குடியிருப்பில், மேல் மாடியிலிருந்து வீசப்பட்ட நாற்காலி ஒன்று 15 வயதுத் தமிழ்ப் பையனின் உயிரைப் பறித்ததை நாம் மறந்துவிட்டோமா? அதற்குப் பிறகு எந்தத் தாய் தன் நான்கு வயதுப் பிள்ளையை நிம்மதியாகக் கீழே அனுப்புவாள்?

ஆகவே பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அழுதால் கையில் கைத்தொலைபேசி. சாப்பிட மறுத்தால் கைத்தொலைபேசி. அம்மா வேலை முடிந்து சமைக்க வேண்டும், அப்பா ஓ.டி. முடிந்து பத்து மணிக்கு வருவார். வேறு என்ன வழி? இப்படித்தான் "ஓடாதே" என்ற ஒரே சொல்லைக் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை வளர்கிறது.

தோட்டத்தில் இருந்ததும் இங்கே பறிபோனதும்

நான் பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில். தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. விடியற்காலையில் பிரட்டுக்களம், கிராணியின் அதட்டல், ஒழுகும் லயம், கட்டுப்படியாகாத சம்பளம் எல்லாவற்றையும் என் பெற்றோர் அனுபவித்தார்கள். அந்த அடிமைத்தனத்துக்கு நான் ஏங்கவில்லை.

ஆனால் லயத்துக்கு முன்னால் ஒரு திடல் இருந்தது. கோயில் பக்கம் மண் தரை இருந்தது. ஆயாக் கொட்டகையில் விட்ட பிள்ளை, நடக்கப் பழகிய நாளிலிருந்து மண்ணில்தான் கிடந்தது. பள்ளி விட்டு வந்தால் போலீஸ் செந்திரி, நொண்டி, கோலி, ரப்பர் பேண்டு கோத்த கயிறு தாண்டுவது. சாயங்காலம் பெரியவர்கள் பந்து விளையாடுவார்கள், நாங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குவோம். உடற்பயிற்சி என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. அது தேவைப்படவும் இல்லை.

தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். தாமான் வந்தது, தொழிற்பேட்டை வந்தது, கோல்ப் திடலும் வந்தது. காடழித்துத் தோட்டம் உண்டாக்கிய நம் மக்களை அடுக்குமாடியில் கொண்டுபோய் ஏற்றினார்கள். வீடு கொடுத்தோம் என்று கணக்குக் காட்டினார்கள். அந்த வீட்டோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய திடல் எங்கே போனது? யாராவது கேட்டோமா?

புக்கிட் ஜாலிலை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். நம்மவர்கள் பால் மரம் வெட்டிய மண். அங்கேதான் 1998 காமன்வெல்த் போட்டிக்காகத் தேசிய விளையாட்டரங்கம் எழும்பியது. அந்தப் போட்டியில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் கோ. சரவணன். நாடே கைதட்டியது. ஆனால் அதே புக்கிட் ஜாலில் தோட்டத்தில் எஞ்சியிருந்த முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், 2011-இல் தங்கள் வீடுகளை உடைக்க வந்தவர்களை எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது. தோட்ட மண்ணில் நாட்டுக்கு விளையாட்டரங்கம். தோட்டத்துப் பிள்ளைக்கு விளையாட ஒரு மூலை கிடையாது! இதைவிடக் கொடுமையான வேடிக்கை உண்டா?

திடலா, வீடா?

இன்னொரு கதையும் சொல்கிறேன். கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ரிம்பா கியாரா என்ற பூங்கா இருக்கிறது. அதை ஒட்டிய நீள்வீடுகளில், பழைய புக்கிட் கியாரா தோட்டத்துத் தொழிலாளர் குடும்பங்கள் 1980-களிலிருந்து நிரந்தர வீட்டுக்குக் காத்துக் கிடந்தன. பூங்காவின் ஒரு பகுதியில் உயர்மாடிக் கட்டடங்கள் கட்ட அனுமதி கொடுத்தார்கள். தோட்டக் குடும்பங்களுக்கும் அதில் வீடு உண்டு என்றார்கள். சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்தது.

இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. முதல் பாடம்: ஏழைக்கு வீடு வேண்டுமென்றால் பூங்காவை விட்டுக்கொடு, பூங்கா வேண்டுமென்றால் ஏழையின் வீட்டை மற என்று நம்மை ஒரு தராசில் நிறுத்துகிறார்கள். அந்தத் தராசே பொய்த் தராசு. வீடும் வேண்டும், திடலும் வேண்டும். இரண்டும் உரிமை. இரண்டாவது பாடம்: வழக்கறிஞரைக் கண்டு, வரைபடத்தைப் படித்து, ஒற்றுமையாக நின்றவர்கள் தங்கள் திறந்தவெளியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நாம் பலகையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை வீட்டுக்குள் இழுத்துக் கொண்டோம்.

அரசாங்கத்தின் திட்டமிடல் விதிகளைப் பாருங்கள். வீட்டு மேம்பாட்டு நிலத்தில் 10 விழுக்காடு திறந்தவெளிக்கு என்கிறது வழிகாட்டி. 1,000 பேருக்கு 2 ஹெக்டர் திறந்தவெளி என்பது நாடு தனக்குத் தானே வைத்துக்கொண்ட அளவு. கணக்குப் போடுவோம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் 300 வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 1,500 பேர். அந்த அளவுப்படி அவர்களுக்கு 3 ஹெக்டர், அதாவது ஏழு ஏக்கருக்கு மேல், கிட்டத்தட்ட நான்கு காற்பந்துத் திடல்! இது நகரம் முழுவதற்குமான கணக்கு, ஒவ்வொரு கட்டடத்தின் காலடியிலும் நான்கு திடல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான்கில் அரைத் திடலாவது பிள்ளை நடந்து போகும் தூரத்தில் இருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

ஐக்கிய நாட்டுச் சபையின் சிறார் உரிமை உடன்படிக்கையை மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்டது. தனக்கு ஒத்துவராத சில பிரிவுகளை அப்போதே ஒதுக்கி வைத்தது. ஆனால் 31-ஆம் பிரிவை ஒதுக்கவில்லை. அந்தப் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்கிறது. அப்படியென்றால் அந்தத் தடைப் பலகையை நட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும், என் மகள் அல்ல.

விளையாட்டு இல்லாத உடம்பு என்ன ஆகும்?

"வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, இவன் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறான்" என்று சிலர் நினைக்கலாம். என் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் முன்னணி ஆட்டக்காரர். இருபது வயதில் பேக்டரிக்கு வந்தார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், தூக்கம், மறுபடி ஷிப்ட். பந்தைத் தொட்டு முப்பது வருடம் ஆகிவிட்டது. இனிப்புநீர் வந்தது. முதலில் ஒரு கால் விரலை எடுத்தார்கள். 49 வயதில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நூறு கோல் அடித்த கால் அது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 100-க்கு 31 பேர்! மற்ற இனங்களைவிட நாம்தான் முன்னால் நிற்கிறோம். எதில் முன்னால் நிற்கிறோம் பாருங்கள்! நம் உடல்வாகு அப்படி, ஒல்லியாகத் தெரிபவருக்கும் வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து இந்த நோய் வந்துவிடுகிறது. அதனால்தான் மற்றவர்களைவிட நமக்கு ஓட்டமும் ஆட்டமும் அதிகம் தேவை. தசை வேலை செய்யும்போதுதான் இரத்தத்தில் உள்ள சீனியை இழுத்துச் செலவழிக்கிறது. உட்கார்ந்தே இருக்கும் உடம்பில் அது தேங்குகிறது.

அந்தப் பழக்கம் நாற்பது வயதில் தொடங்குவதில்லை, நான்கு வயதில் தொடங்குகிறது. ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவற்றை ஒரு பிள்ளை பழகும் பருவம் மூன்றிலிருந்து ஏழு வயது வரை. அப்போது பழகாத பிள்ளை, பத்து வயதில் திடலில் இறங்கினால் பந்து கைக்குச் சிக்காது. கூட்டாளிகள் சிரிப்பார்கள். "எனக்கு வராது" என்று ஒதுங்கிவிடும். அதற்குப் பிறகு எத்தனை முகாம் நடத்தினாலும் பயன் குறைவுதான்.

2018-இல் யுனிசெஃப் நிறுவனம், கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே அடுக்குமாடிகளில் 100-க்கு 23 பிள்ளைகள் எடை கூடியவர்கள். ஒரே நடைபாதையில் ஒரு வீட்டில் குட்டையாகிப் போன பிள்ளை, அடுத்த வீட்டில் ஊதிப் போன பிள்ளை. இரண்டும் வறுமையின் முகம்தான். சத்தில்லாத மலிவு உணவும் ஓட இடமில்லாத வாழ்க்கையும் சேர்ந்து செய்கிற வேலை இது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. திரைக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றும் சொன்னது. நம் வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது என்பதை நெஞ்சில் கைவைத்து ஒப்புக்கொள்வோம்.

டி-சட்டை அரசியல்

தேர்தல் நெருங்கினால் "இந்திய இளைஞர் விளையாட்டு விழா" வந்துவிடும். டி-சட்டை, பொட்டலச் சாப்பாடு, மேடை, மாலை, படம். தலைவர் பந்தை ஒரு உதை உதைப்பார். மறுநாள் பத்திரிகையில் செய்தி வரும். மாலை ஏழு மணிக்குக் கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். அடுத்த நாள் அதே திடலின் கேட்டில் பூட்டுத் தொங்கும்!

இப்படி ஒரு நாள் கூத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் எத்தனை ஊஞ்சலுக்குப் பலகை போடலாம்? எத்தனை விளக்கு மாட்டலாம்? நான்கு வயதுப் பிள்ளைக்குக் கோப்பை வேண்டாம், பதக்கம் வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் ஓட இடம் வேண்டும். அதற்கு ஓட்டுரிமை இல்லை என்பதால்தானே யாரும் கண்டுகொள்வதில்லை?

நம் வீட்டுக்குள் தொங்கும் தடைப் பலகை

அரசாங்கத்தை ஏசிவிட்டு நாம் கையைக் கழுவிவிட முடியாது. கீழே தொங்கும் பலகையைப் போல நம் வாயிலும் ஒரு பலகை தொங்குகிறது. "ஓடாதே, விழுந்துடுவே." "வெயிலில் போகாதே, கறுத்துடுவே." "பொம்பளப் பிள்ளைக்கு என்ன குதியாட்டம்?" "விளையாடினது போதும், டியூசனுக்கு நேரமாச்சு."

கறுத்துப் போவாய் என்று நாமே சொன்னால், நம் நிறத்தைக் கேலி செய்பவனை எந்த வாயால் கண்டிப்பது? பெண் பிள்ளை குதிக்கக் கூடாது என்றால், நாளை பேக்டரியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கப் போகும் அந்தக் காலுக்குப் பலம் எங்கிருந்து வரும்? 1960-களில் நாட்டுக்காக ஓடிய மு. இராஜாமணி 1966-இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனையாகத் தேர்வானார். பெண் பிள்ளைக்கு என்ன ஓட்டம் என்று அவர் வீட்டில் தடுத்திருந்தால் அந்தப் பெருமை நமக்கு உண்டா?

படிப்பு முக்கியம்தான். நான் மறுக்கவில்லை. நம் பிள்ளை படித்துத்தான் முன்னேற வேண்டும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை மாலை முழுவதும் நாற்காலியில் உட்கார வைப்பது படிப்பல்ல. ஓடியாடிய பிள்ளை பசித்துச் சாப்பிடும், நன்றாகத் தூங்கும், மறுநாள் வகுப்பில் விழித்திருக்கும். பள்ளியில் உடற்கல்விக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போலத்தான் கிடைக்கிறது. தேர்வு வந்தால் அதையும் வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்படி எடுத்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

இனி என்ன செய்வது?

நாளையே செய்யக்கூடியவை சில உண்டு. காசு தேவையில்லை.

ஒரு மாடிக்கு நான்கு தாய்மார்கள் சேருங்கள். வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள், சாயங்காலம் ஒரு மணி நேரம், எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்குங்கள். தனியாக அனுப்பப் பயம், கூட்டமாகப் போனால் பயமில்லை. கட்டடத்தை ஒட்டி நிற்காமல் தள்ளிப் போய் விளையாட வையுங்கள். வேலை இல்லாத தாத்தா பாட்டிமார்களையும் அழைத்துப் போங்கள். நொண்டியும் கண்ணாமூச்சியும் அவர்களுக்குத்தான் தெரியும். மழை நாளில் நடைபாதையில் சாக்பீஸால் பாண்டி கட்டம் போடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே தன்மையாகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கோயில் மண்டபமும் வளாகமும் வாரத்தில் பல நாள் காலியாகத்தானே இருக்கிறது? சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லிக் கோயில் நிர்வாகத்திடம் கேளுங்கள். பிள்ளை சிரிக்கும் சத்தம் சாமிக்கு இடைஞ்சலாகாது.

அடுத்தது, கேட்டுப் பெற வேண்டியவை. நகராண்மைக் கழகத்துக்கோ மாநகர் மன்றத்துக்கோ நான்கைந்து பேராகப் போய், உங்கள் குடியிருப்பின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் திறந்தவெளி என்று குறித்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று பாருங்கள். கார் நிறுத்துமிடமா, கடையா, பூட்டிய கேட்டா? படம் எடுங்கள். எழுத்தில் கேளுங்கள். கடிதம் கிடைத்ததற்கு முத்திரை வாங்குங்கள். வாய்ப் பேச்சுக்குக் கோப்பு இல்லை. பக்கத்தில் புதிய திட்டத்துக்கு அறிவிப்புப் பலகை நட்டால், அதில் ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் போட்டிருக்கும். அந்த நாளுக்குள் எழுதுங்கள். மலாய்க்கார, சீன அண்டைவீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினான்காவது மாடியில் அடைபட்ட பிள்ளைக்கு எந்த இனமாக இருந்தாலும் மூச்சு முட்டத்தான் செய்கிறது.

நம் கோரிக்கை மூன்று. தடைப் பலகை இருக்கும் ஒவ்வொரு குடியிருப்பிலும், பிள்ளைகள் ஓடியாட ஓர் இடமும் நேரமும் ஒதுக்க வேண்டும். பழுதான விளையாட்டுச் சாதனங்களைச் சரி செய்யவும், மேலிருந்து பொருள் விழாமல் காக்கும் கூரை அமைக்கவும் நிர்வாகம் நாள் குறித்துச் சொல்ல வேண்டும். மாலை நேரத்தில் பள்ளித் திடல்களைச் சுற்றுவட்டாரச் சிறு பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும்.

கோயிலுக்காகக் கூடியிருக்கிறோம். தமிழ்ப்பள்ளிக்காகக் கூடியிருக்கிறோம். இடுகாட்டுக்காகக் கூட நின்றிருக்கிறோம். இறந்தவர் படுக்க ஆறடி நிலம் கேட்ட நாம், உயிரோடு இருக்கும் பிள்ளை ஓட முப்பது மீட்டர் நிலம் கேட்கக் கூச்சப்படலாமா?

அன்று விளையாட்டு நாளில் என் மகள் கடைசியாக வந்தாள். மற்ற பிள்ளைகள் முடித்த பிறகு, மெல்ல, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து ஓடி வந்தாள். சாலையைக் கடப்பதுபோல! இப்போது தினமும் சாயங்காலம் எங்கள் மாடியிலிருந்து ஒன்பது பிள்ளைகள் கீழே இறங்குகிறார்கள். முதல் வாரம் காவலாளி வந்து பலகையைக் காட்டினார். நாங்கள் எழுதிய கடிதத்தின் முத்திரை போட்ட நகலைக் காட்டினோம். பதில் வரும் வரை விளையாடட்டும் என்று போய்விட்டார்.

பதில் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் மாடியிலும் இறங்குங்கள்!

– ஓர் அடுக்குமாடித் தந்தை